இழுவையும் இரண்டு சிந்தசைசர்களும்

வாத்தியக் கடையில் கொடுத்த ஹெட்போனின் காது மெத்தை உரிந்துபோயிருந்தது. கறுப்புத் தோல் செதில் செதிலாகக் கழன்று, முன்பு மாட்டியவர்களின் வியர்வையில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்து, ஒரு மாதிரி புளித்த வாடை அடித்தது. இழுவை என்று எல்லாரும் கூப்பிடுகிறவன் அதைக் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்த கைக்குட்டையைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டான். கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க விடமாட்டார். அவருக்குத் தலைவலி வருமாம்.

மேசையில் இரண்டு அனலாக் சிந்தசைசர்கள், மின்சாரத்தில் ஒலி பிறக்கும் கீபோர்டு வாத்தியங்கள், அடுத்தடுத்து இருந்தன. இடப்பக்கம் இருந்தது மோனோஃபோனிக். தச்சரின் கருவிப்பெட்டி அளவுதான் இருக்கும், முகம் முழுக்கத் திருகும் குமிழ்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் அதில் பேசும். ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தொட்டால், முதல் சுரத்தின் வாயைப் பொத்திவிட்டு இரண்டாவது பேசும். வலப்பக்கம் இருந்தது பாலிஃபோனிக். அதற்கு ஆறு குரல். மின்சாரம் கொடுத்ததும் உள்ளுக்குள் டிக் டிக்கென்று தன்னைத்தானே சுருதி சேர்த்துக்கொள்ளும், பாடுவதற்கு முன்னால் ஆறு பேர் தொண்டையைச் செருமுவது போல. ஆறு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஆறும் சேர்ந்து எழும். ஆனால் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்காது. ஒன்று மயிரிழை மேலே நிற்கும், ஒன்று மயிரிழை கீழே. அந்த மயிரிழையில்தான் அதன் உயிர் இருந்தது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவன் பல நாளாக அந்தக் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தான். கடைக்காரர் இப்போதெல்லாம் அவனைப் பார்த்ததும் எழுந்துகூட வருவதில்லை. பெண் பார்க்க வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போகிற கூட்டம் மாதிரி இவனும் ஒருத்தன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

இழுவை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, வேலை வைத்த பெயர். தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுகிறவன் அவன். மாமியார் திரும்பிப் பார்த்தால் ஒரு நீண்ட நாதம். மருமகள் கதவைச் சாத்தினால் அதே நாதம் கொஞ்சம் தாழ்வாக. தாய் மகனை நினைத்துக் கண்ணைத் துடைத்தால் அதே நாதம் விம்மி விம்மி. "இங்க ஒரு இழுவை போடுங்க" என்று எடிட்டர் சொல்லிச் சொல்லி, பிறகு "இழுவையைக் கூப்பிடுங்க" என்று ஆகி, கடைசியில் சம்பளக் காசோலையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே பெயராக நின்றுவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. அழுகிற காட்சி வந்தால் அவன் விரல்கள் தாமாகவே கட்டைக்குப் போய்விடும். வாயில் ரொட்டியை மென்றுகொண்டே இடது கையால் ஒரு தாயைக் கதறவைத்திருக்கிறான்.

அந்த வேலையில் அவனுக்கு அருவருப்பு தட்டிய நாள் நன்றாக நினைவிருந்தது. அவனுடைய தங்கையை ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு பெண்ணிடம் மருத்துவர் வந்து குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. கைப்பையைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எதைத் தேடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் யாரோ ஒரு மாமியார் திரும்பினாள், இவனுடைய இழுவை கூடம் முழுக்கப் பரவியது. அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே, அவள் துக்கத்துக்கு இவன் விலாசம் எழுதி ஒட்டியது போல. யாரோ தன் எச்சில் கையை எடுத்து அவள் முகத்தில் தடவியது போல இருந்தது அவனுக்கு. அந்தக் கை தன் கை என்று புரிந்தது.

அன்றிலிருந்து மோனோஃபோனிக் ஆசை வந்தது. அதில் இழுவை போட முடியாது. நாலு சுரத்தைக் குழைத்து நெஞ்சில் அப்புகிற வேலை அதனிடம் நடக்காது. ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்லவேண்டும். போதாக்குறைக்கு அதில் நினைவகமும் கிடையாது. இன்று குமிழைத் திருகி எடுத்த ஒலி நாளைக்கு இருக்காது, மறுபடி உட்கார்ந்து தேடவேண்டும். ரொட்டியை மென்றுகொண்டு வாசிக்க அது விடாது.

அப்படியானால் அதையே வாங்கிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றால், வலப்பக்கம் இருந்தது விடவில்லை. ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்று அந்த ஆறு குரலில் கை வைப்பான். வைத்தால் எடுக்க முடியாது. மெதுவாகத் திறந்து, உள்ளேயிருந்து பழுப்பு வெளிச்சம் வருவது போல அந்த நாதம் எழும்போது, இத்தனை வருடம் மட்டமான கீபோர்டில் போட்ட இழுவையெல்லாம் இதற்கான ஒத்திகைதான் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதும் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. குடியை விட்டவன் கடை வாசலில் நின்று மோப்பம் பிடிப்பது மாதிரி.

வாங்கித் தரப்போவது அவனுடைய முதலாளி. தொடர் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தக்காரர். அவருக்கு எந்நேரமும் ஆரஞ்சு உரித்துத் தின்கிற பழக்கம். ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து உரிப்பார், தோலை ஒலி கலக்கும் பலகை மேலேயே போடுவார், சக்கையை உள்ளங்கையில் துப்பிப் பக்கத்தில் அடுக்குவார். பேச்சுக்கு நடுவே, "இந்த இடத்துல கொஞ்சம் தூக்கலா" என்று சொல்லிக்கொண்டே ஈர விரலால் கட்டையைத் தட்டிக் காட்டுவார். பழைய கீபோர்டின் நடுக் கட்டைகள் சாறு இறங்கி இறங்கி ஒட்டிக்கொண்டன. ஒரு நாள் அழுத்திய கட்டை எழவே இல்லை. புதுசு வாங்கிக்கொள், எது வேண்டுமோ அது, என்று முதலாளி தாராளமாகச் சொல்லிவிட்டார். கொலைகாரனே மாலை வாங்கிக்கொண்டு வருகிற தாராளம்.

வீட்டில் மனைவியிடம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவள். நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று மற்றவர்களைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் யாராவது தெளிவில்லாமல் பேசினால் அவளுக்குப் பொறுக்காது.

"ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுற பெட்டியா?" என்றாள். "அதையே வாங்குங்க. நம்ம ரெண்டு வீட்டு ஆளுங்களையும் அதுக்கு முன்னாடி உக்கார வைக்கலாம்."

சிரித்தான். பிறகு அவள் சிரிக்காமல் கேட்டாள், அவனுக்கு உண்மையில் எது பிடித்திருக்கிறது என்று. பிடித்தது ஒன்று, வேண்டியது வேறு என்றான். அப்படியானால் கண்ணைத்தான் சோதிக்கவேண்டும், கண்ணாடியை அல்ல என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் பெரியம்மா செத்துப்போனார்.

பெரியம்மா என்றால் அவனுக்கு உறவல்ல. தொடரில் தாய் வேடத்தில் நடித்த நடிகை. படப்பிடிப்புத் தளத்தில் எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் அழத் தெரிந்த ஒரே ஆள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "யாருப்பா ஃபேனை நிறுத்துனது" என்று கேட்பார். பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இழுவை சாவு வீட்டுக்குப் போனான். சின்ன முன்னறை. மரப்பெட்டியில் பெரியம்மா, ஒப்பனை இல்லாமல். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் இவ்வளவு மச்சங்கள் இருந்தது அவனுக்குத் தெரியாது. நாற்காலிகள் போதாமல் ஆட்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு ஒரே மகள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கும் நேரம், தட்டோடு வந்தவளுக்கு முழங்கால் மடங்கியது. தட்டு விழுந்தது, பிறகு அவள். அறையின் மூலையில் நிறுவனத்தின் கேமராமேன் நின்றுகொண்டிருந்ததை இழுவை அப்போதுதான் பார்த்தான். செய்திக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

செய்திக்காக இல்லை. மறுநாள் காலை ஒலிப்பதிவு அறைக்குப் போனபோது எடிட்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் காட்சியை ஓடவிட்டார். பெரியம்மாவின் சாவே தொடரில் வரப்போகிறது. கதையில் தாய் இறந்தாக வேண்டும், நடிகையும் இறந்துவிட்டார், இனி வேறு ஒருத்தியைப் படுக்கவைத்துத் துணி மூடி எடுப்பதைவிட இதுவே மேல் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம். கதையின் மகனாக நடிப்பவன் அழுகிற காட்சியைத் தனியாக எடுத்து, நிஜமான சாவு வீட்டுக்கு நடுவே ஒட்டியிருந்தார்கள். மகள் விழுகிற இடத்தை மெதுவாக்கியிருந்தார்கள். தட்டு மிதந்து மிதந்து கீழே வந்தது.

முதலாளி ஆரஞ்சோடு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்கள். ஓநாய் உண்மையாகவே அழக்கூடும் என்று அன்றுதான் இழுவைக்குத் தெரிந்தது.

"பெரியம்மாவுக்கு நாம செய்ற மரியாதை இது," என்றார். "உன் வாழ்க்கையிலேயே பெரிய இழுவையா இருக்கணும்." பிறகு மூலையைக் காட்டினார். அட்டைப்பெட்டி பிரிக்கப்பட்டு, நுரைத் துண்டுகள் தரையெல்லாம் சிதறி, தாங்கியின் மேல் அந்த பாலிஃபோனிக் நின்றுகொண்டிருந்தது. "கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். எதைப் பாக்க வந்தாலும் போறப்ப இதைத்தான் தடவிட்டுப் போறியாம்."

தன்னை யாரோ சாவித்துவாரம் வழியாகப் பார்த்துவிட்டது போல இழுவைக்குக் காது சுட்டது. மறுத்திருக்கலாம். அறையை விட்டு வெளியே போயிருக்கலாம். அவன் செய்தது, போய் மின்சாரம் கொடுத்தது. டிக் டிக்கென்று அது தன்னைச் சுருதி சேர்த்துக்கொண்டது. எடிட்டர் படத்தை ஓடவிட்டார். பெரியம்மாவின் மச்சம் நிறைந்த முகம் திரையில் வந்தது. அவன் ஆறு விரலை வைத்தான்.

அழகாக இருந்தது. அதைத்தான் அவனால் பிறகு மன்னிக்க முடியவில்லை. கோரமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். நாதம் மெல்லத் திறந்து அந்தச் சின்ன முன்னறையைப் பெரிய மண்டபமாக்கியது. எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி மெல்லுவதை நிறுத்தினார். இழுவைக்கே மயிர் கூச்செறிந்தது. மகள் முழங்கால் மடங்கும் இடம் வந்தபோது, அவனுடைய இடது கை கட்டையை விட்டுத் தானாகப் போய் ஒரு குமிழைத் திருப்பியது. தட்டு தரையைத் தொடுகிற அந்தக் கணத்தில் நாதம் முழுசாகப் பூத்து விரிந்தது. இரண்டாவது தடவை ஓட்டியபோது, இன்னும் கால் கணம் முன்னால் திருப்பினால் நன்றாயிருக்குமே என்று நினைத்தான். மூன்றாவது தடவை அப்படியே திருப்பினான். முதலாளி வந்து முதுகில் தட்டினார். சட்டை வழியாக அவருடைய விரலின் ஈரம் முதுகில் பட்டது.

இழுவை எழுந்து கழிப்பறைக்குப் போனான். அங்கே முகம் கழுவும் தொட்டியில் யாரோ காபித்தூள் வண்டலைக் கொட்டியிருந்தார்கள், அதில் ஒரு முடி சுருண்டு கிடந்தது. அதன் மேலேயே வாந்தி எடுத்தான். பிறகு குழாயைத் திறந்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். சோப்பு தேய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. நுரை வரவில்லை.

பெரியம்மாவின் மகளிடம் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தான். அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்தால் தடுத்துவிடுவாள், தடுத்துவிட்டால் தன் கையும் சுத்தமாகிவிடும். கடைசிக் காரணம்தான் முதல் காரணம் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். துக்கத்துக்கு விடுப்பு எடுத்திருப்பாள் என்று நினைத்து வீட்டுக்குப் போனான். பூட்டியிருந்தது. அவள் வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் ஸ்பிரிட் வாடையும், பசியோடு காத்திருக்கிறவர்களின் வாய் வாடையும் கலந்து கிடந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் ரத்தக் குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லி, சுழல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் ஆளாளுக்குப் போன் செய்து அழுகிறார்கள், இங்கே யாரும் அழுவதில்லை, ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி, என்றாள்.

இழுவை தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். கேமரா வந்தது, ஒட்டியது, மெதுவாக்கியது எல்லாம். சொல்லச் சொல்லத் தன் குரல் நடுங்குவதைக் கவனித்தான். நன்றாகத்தான் நடுங்குகிறது என்றும் ஒரு மூலையில் நினைத்தான். சீ என்று இருந்தது.

அவள் சீட்டு ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே. என்கிட்ட கேட்டுத்தான் எடுத்தாங்க. நான்தான் சரின்னு சொன்னேன்."

இழுவை நிமிர்ந்தான்.

"அம்மா இருந்திருந்தா கேமராவை இன்னும் கிட்ட வரச் சொல்லிருப்பாங்க. மூணு பக்கம் வசனம் பேசுனாலும் முகத்தை ஓரமாத்தான் காட்டுறாங்கன்னு ஆயுசு முழுக்கப் புலம்புனவங்க. கடைசியா ஒரு தடவை முழுசாக் காட்டட்டுமே." ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுக்கில் சொருகினாள். "நான் விழுந்தது வேணாம்னு சொல்ல நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன். விழுந்தது நெஜம்தானே."

அவனுக்கு இங்கே வந்ததே வெட்கமாகிவிட்டது. அடுத்த வீட்டுக் குப்பையைக் காட்டிக்கொடுக்கப் போனவன் தன் வேட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தது போல. எழுந்திருக்கப் போனான். அவள் முதல் தடவையாகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்ணே. அந்த இழுவை வேணாம். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டுல அவங்க சீன் வந்தா சத்தத்தை அமுக்கிட்டுத்தான் பாப்பாங்க. 'நான் உசுரைக் குடுத்து அழப்போறேன், எனக்கு முன்னாடி இந்தாளு அழுதுடறான்'னு சொல்லுவாங்க."

"அது நான்தான்," என்றான் இழுவை.

"தெரியும். அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. நோயாளியிடம் சர்க்கரை அளவைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அடுத்த பெயரை யாரோ கூப்பிட்டார்கள், அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

தெருவில் நடந்தபோது இழுவைக்குப் பெரியம்மா மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தளத்தில் பார்க்கும்போதெல்லாம் "நல்லாருக்கியா தம்பி" என்று கேட்டுவிட்டுப் போனாரே. பிறகு அந்தக் கோபம் புளித்துத் தன் பக்கமே திரும்பியது. அவர் சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பானா? இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருப்பான்.

நேராக வாத்தியக் கடைக்குப் போய் மோனோஃபோனிக்கை ஒரு நாள் இரவலாகக் கேட்டான். எப்படியோ ஒன்று விற்றுவிட்ட நிம்மதியில் கடைக்காரர் கொடுத்தார். அதை அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எடிட்டரிடம் பழையதை அழிக்கச் சொல்லிவிட்டு, பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒரு சுரம். பொய் சொல்லாத ஒரு சுரம். இத்தனை நாள் மனதுக்குள் கட்டி வைத்திருந்தது அதுதான்.

வாசித்தான். தனியாக ஒரு சுரம் தயங்கித் தயங்கி ஏறி, கொஞ்சம் சறுக்கி, நின்றது. எடிட்டர் மெதுவாக, "இது இன்னும் அழ வைக்குதே" என்றார். இழுவைக்கும் அது தெரிந்தது. ஆறு பேர் கூடி ஒப்பாரி வைத்ததை இப்போது ஒருத்தன் மூலையில் நின்று நாசூக்காகச் செய்தான், அவ்வளவுதான். பெட்டியை மாற்றினால் கையும் மாறிவிடும் என்று நம்பியிருக்கிறோமே என்று நினைத்தபோது, இத்தனை நாள் கடையில் நின்று அந்த நாற்ற ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்த ஆராய்ச்சியெல்லாம் வாய்க்குள் கசந்தது.

அதையும் அழித்தான். பிறகு எடிட்டரிடம், கேமராவில் பதிவான நிஜச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேட்டார்கள். நாற்காலி இழுபடும் ஓசை, மாடிப்படியில் ஒரு இருமல், யாரோ தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பது, சமையலறையில் குழாய் ஒழுகுவது. தட்டு விழுந்தபோது அது மிதக்கவில்லை, தகரம் மாதிரி அலறி ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. மகள் விழுந்த சத்தம் ஒரு மூட்டையை இறக்கிவைப்பது போல மொத்தென்று வந்தது, அதற்குப் பின்னால் ஒரு கிழவர், "பாத்து, பாத்து" என்றார். எடிட்டர் மெதுவாக்கியதைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார். அவன் கேட்காமலே செய்தார். இசை என்று ஒன்றும் இல்லாமல் அதை அப்படியே முதலாளிக்குக் காட்டினார்கள்.

முதலாளி பார்த்தார். ஒரு சுளையைத் தின்றார். ஜனங்கள் தொலைக்காட்சிப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று தலையில் தட்டிப் பார்ப்பார்கள் என்றார். இழுவை மகள் சொன்னதைச் சொன்னான். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மாவின் விருப்பம் அதுவானால் அப்படியே ஆகட்டும், செத்தவர் வாக்குக்கு மேல் வாக்கில்லை என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். இழுவை சந்தேகப்படவில்லை. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஒளிபரப்பான மாலை மனைவியும் அவனும் பார்த்தார்கள். பெரியம்மாவின் முகம் வந்தது, கூடவே ஆறு குரலும் வந்தது. முதலில் அவன் வாசித்த அதே இழுவை. அழித்தது எடிட்டரிடம் இருந்ததை மட்டும்தான். முதலாளி தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்திருக்கிறார். தட்டு மிதந்து வந்தது. கால் கணம் முன்னால் நாதம் பூத்தது. அவன் திருப்பிய குமிழ், அவன் குறித்த இடம். ஒரு குறை சொல்வதற்கில்லை.

பக்கத்தில் மனைவி மூக்கை உறிஞ்சினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு நடந்ததெல்லாம் தெரியும், அவன் ஒன்று விடாமல் சொல்லியிருந்தான். தெரிந்தும் வழிந்தது. அவள் புறங்கையால் அதைத் துடைத்து, கையைப் பார்த்தாள். ஏதோ அழுக்கு பட்டுவிட்டது போல.

"சீ," என்றாள். "என்னமோ என்னைக் கேக்காம என் பையில கை விட்ட மாதிரி இருக்கு."

அவன் தொலைக்காட்சியை அணைத்தான்.

மறுநாள் முதலாளி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். போன் ஓயவில்லையாம், ஊரே அழுததாம். அந்த பாலிஃபோனிக்கை இனி நிறுவனத்துச் சொத்தாக நினைக்கவேண்டாம், வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். இழுவை அதன் பக்கத்தில் போய் நின்றான். நடுக் கட்டைகளுக்கு இடையே ஆரஞ்சு நார் ஒன்று சிக்கிக் காய்ந்திருந்தது. வாத்தியத்தின் மேல் அவனுக்கு இரக்கமாக இருந்தது. நகத்தால் அந்த நாரை எடுத்து, முதலாளியின் மேசை விளிம்பில் தேய்த்துவிட்டு, தனக்கு இது வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றான். உரக்கச் சொல்லவில்லை. முதலாளிக்கு முதலில் புரியவே இல்லை. சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். பிறகு, சத்தமே போடாத இசையமைப்பாளனை எவன் கூப்பிடுவான் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

பெரியம்மாவின் மகளைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அவள், கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடியவில்லை, எல்லாரும் அம்மாவைப் பாராட்டுகிறார்கள், அம்மாவுக்கு அது பிடித்திருக்கும் என்றாள். உங்களை நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றும் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

மோனோஃபோனிக்கை அவன் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, விலைக்கே எடுத்துக்கொண்டான். அது புனிதமான பெட்டி என்று இப்போது அவனுக்கு எந்த மயக்கமும் இல்லை. அதிலும் எச்சில் பண்ண முடியும், அதைத் தன் கையாலேயே பார்த்துவிட்டான். ஆனாலும் அது அவனைக் கொஞ்சம் மெதுவாக்கியது. ஒவ்வொரு ஒலியையும் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது. தேடுகிற நேரத்தில், இது எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள முடிந்தது.

கொஞ்ச நாள் சும்மா இருந்தான். மனைவியின் சம்பளத்தில் சாப்பிட்டான், அவளுடைய அம்மா அதைச் சாடையாகச் சொல்லிக்காட்டினாள். பிறகு ஒரு பேருந்து நிலையத்துக்கு அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கும் சிறு ஓசை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மூன்று சுரம், ஒன்றன்பின் ஒன்றாக. யாரும் அழக்கூடாது, யாரும் தூங்கக்கூடாது, நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கவேண்டும். ஒரு வாரம் குமிழைத் திருகி அதைச் செய்தான். அடுத்து ஒரு மின்தூக்கி நிறுவனம் கூப்பிட்டது, அடுத்து துணி துவைக்கும் இயந்திரம் செய்கிறவர்கள். இழுவை என்ற பெயர் மட்டும் போகவில்லை. புது ஆட்கள் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், சிகரெட்டு இழுக்கிறவன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான்.

ஆறு குரலை மறந்துவிட்டான் என்று சொன்னால் பொய். சில நாள் பல் தேய்க்கும்போது அந்த நாதம் காதுக்குள் மெதுவாகத் திறக்கும். பெரியம்மாவின் முகமும் கூடவே வரும், தட்டும் வரும். அவ்வளவு அழகாக இருக்கும். வாயில் எச்சில் ஊறும். அதை விழுங்க மனம் வராமல், குனிந்து தொட்டியில் துப்பிவிட்டு, தண்ணீரை நன்றாகத் திறந்துவிடுவான்.